நாலு கரண்டி நீலம்

மரத்தக்கா வீட்டு மாடியில் குடியேறியபோது, என்னை வாடகைக்கு ஆள் வேண்டும் என்றுதான் பிடித்தார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் போன பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு வேண்டியிருந்தது என் இரண்டு கைகள்.

கீழ்வீட்டில் மூன்று பேர். மரத்தக்கா ஐம்பதைத் தாண்டியவர். மரத்தைத் தவிர வேறெதையும் வரையமாட்டார். வரைந்ததைப் பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பார். தெரு அவருக்கு வைத்த பெயர்தான் அது. அவர் கணவர் பஸ் டெப்போவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் பெயர் மாறவில்லை, பிட்டர் பிட்டர்தான். மூன்றாவது ஆள் பிட்டரின் தம்பி மனைவி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். தம்பிக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலோடு போய்விடும். சின்னவள் கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிறாள். யாராவது உதிர்ந்த சுவரின் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அவள் அதே மாதிரி கொடுத்துவிடுவாள்.

அச்சு வேலை நடக்கிற நாளில் இந்த மூன்று பேர் கையிலும் முழங்கை வரை மை இருக்கும். அந்தக் கை தாளைத் தொட்டால் தாள் போச்சு. அதனால் தாளை எடுத்துக் கொடுக்க, பலகை மேல் நேராக வைக்க, அச்சானதும் மூலையைப் பிடித்து உரிக்க, மை படாத ஆள் ஒருவர் வேண்டும். நான் லாரி எடை போடும் இடத்தில் சீட்டு எழுதுகிறவன். படத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அதெல்லாம் அவர்களுக்கு அவசியமாகப் படவில்லை. அக்கா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை கீழே வரச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் சுத்தக்கை.

அச்சு மெஷினைப் பற்றிச் சொல்லாமல் போனால் பிட்டர் என்னை விடமாட்டார். தகடு வளைக்கிற பழைய மெஷினின் இரண்டு உருளைகளை வாங்கி, அவரே பொருத்திய மெஷின். சுற்றுவதற்கு ஒரு பஸ் ஸ்டியரிங். அதன் முன்னால் நின்றுவிட்டால் மனிதர் முகமே மாறிவிடும். "போலாம் ரைட்" என்று நான் சொன்னால்தான் சுற்றுவார். சொல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நான் போனபோது அக்கா செதுக்கிக்கொண்டிருந்தது ஒரு கதவு. நிஜக் கதவு. பின்னறைக் கதவைக் கழற்றிப் பாதியாக அறுத்துவிட்டார்கள், அந்த அறைக்கு இப்போது திரைதான். கடையில் எத்தனையோ பலகை பார்த்தும் அந்தக் கதவின் ரேகை மாதிரி எதுவும் அமையவில்லையாம். இருபது வருஷம் அந்தக் கதவைத் திறந்து மூடியபோதெல்லாம் அதன் மேல் அவருக்கு ஒரு கண் இருந்திருக்கிறது.

அதில் அவர் செதுக்கியது வீட்டுக்குப் பின்னால், லாரிகள் திரும்புகிற திடலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை. ஒரே பலகையில் ஐந்து நிறம். முதலில் எல்லாத் தாளிலும் வெளிறிய மஞ்சளை அடிக்க வேண்டும். பிறகு எங்கெல்லாம் அந்த மஞ்சள் அப்படியே நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் பலகையைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே தாள்களில் இளம்பச்சை. மறுபடி செதுக்கல், மறுபடி அடுத்த பச்சை. நிறம் ஏற ஏறப் பலகை குறைந்துகொண்டே போகும். எடுத்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. மூன்றாவது நிறத்தில் தப்பு என்றால், முதல் நிறத்துக்குத் திரும்பிப் போகப் பலகையே இருக்காது. நிறத்துக்கு ஒரு பலகையாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அக்காவுக்கு ஒரு பதற்றமும் இல்லை.

"மரம் மட்டும் என்ன, போன வருஷத்துக்குத் திரும்பிப் போகுதா?" என்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது பெரிய பாக்கியம். இதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். காலையில் திடலுக்குப் போய் மரத்தடியில் மல்லாந்து படுத்துவிடுவார். லாரி டிரைவர்கள் முதலில் பதறி, பிறகு பழகி, அவரைச் சுற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு கிளையும் எங்கே தன் பாரத்தை இறக்குகிறது என்று பார்ப்பார். பட்டையின் மேல் தாளை வைத்து மெழுகுக்கட்டியால் தேய்ப்பார். முதலில் சாயம் குழைத்து ஒரு படம் தீட்டுவார், அது பிடிக்காமல் இன்னொன்று, பிறகு இன்னொன்று. வீட்டுக்கு வந்து உளியை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். இலையை அவர் செதுக்கி நான் பார்த்ததில்லை. இலைகளுக்கு நடுவே வானம் தெரிகிற இடங்களைத்தான் செதுக்குவார். கடைசியில் பார்த்தால் இலை இருக்கும். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நகரத்தில் படக்கூடம் நடத்தும் ஓர் அம்மாள் வந்து, நாலாவது நிறம் ஏறிய தாள்களைக் கொடியில் கண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார். கூடம் முழுக்க அக்காவின் மரங்களை மட்டும் மாட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எத்தனையோ வருஷமாக மற்றவர்கள் படத்தோடு ஒரு மூலையில் மட்டுமே மாட்டப்பட்டவர் அக்கா. அன்று சமையல் நடக்கவில்லை. பிட்டர் முட்டை அவித்தார், அதுவும் வெடித்துவிட்டது, யாருக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை. தாள் ஒவ்வொன்றின் கீழேயும் அக்கா பென்சிலால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் அந்த அம்மாள் போட்ட நிபந்தனை.

ஐந்தாவது நிறத்துக்குப் பலகையும் செதுக்கியாகி, நிறம் ஏற்றுவது மட்டும் பாக்கி இருந்தபோதுதான் அக்கா படியில் கால் தவறி விழுந்தார். அடி பலமில்லை. ஆனால் படி இருந்ததே தெரியவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணுக்கு அப்புறம் என்று சொல்லி அனுப்பினார்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அக்கா முதலில் பார்த்தது பிட்டரின் சட்டையை.

"என்னங்க, இது எப்ப வாங்கினீங்க?"

"ரெண்டு வருஷமா மஞ்சச் சட்டை, மஞ்சச் சட்டைன்னு என் மானத்த வாங்கினியே, அதே சட்டைதான்."

"வெள்ளையால்ல இருக்கு!"

"நான் அன்னிக்கே சொன்னேன். யாரு கேட்டா?"

அப்புறம் சுவர் மூலையில் இருந்த ஒட்டடையைப் பார்த்தார். அடுப்பு மேடையைப் பார்த்தார். சின்னவள் பக்கம் திரும்பி, "இத்தனை நாளா இந்தக் கரியோடவா குடும்பம் நடத்தினோம்?" என்றார். பிறகு பின்வாசலைத் திறந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிட்டர் சொட்டு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அழுதுடாதே, மருந்து கரைஞ்சுடும்" என்று பின்னாலேயே நின்றார். அக்காவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து கொடியில் தொங்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. எனக்கு எதற்கு நின்றது என்றால், அந்தக் கண்ணோடு கலந்த நிறமெல்லாம் என்னவாக இருக்குமோ என்ற பயம். மற்ற இருவருக்கும் ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"பரவாயில்லையே. பச்சை நல்லாத்தான் வந்திருக்கு" என்றார் அக்கா. கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தார். சின்னவள் சிரிக்காமல் டீ போடப் போனாள். அது எனக்கு விநோதமாகப் பட்டது.

நிறம் கலப்பது எப்போதும் சின்னவள் பொறுப்பு. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அக்கா கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு மட்டும் கலந்து காட்டி, இத்தனை கரண்டி மஞ்சள், இத்தனை கரண்டி நீலம் என்று அளவு சொல்வார். மறுநாளைக்கு வேண்டிய முழு டப்பாவை அவள் பின்னறையில் தனியாகக் கலந்து வைப்பாள். தாளில் ஏறியதும் நிறம் கொஞ்சம் அடங்கித் தெரிந்தால், காகிதம் உறிஞ்சிவிட்டது என்று அக்கா சொல்வார். நீலமே இப்போதெல்லாம் செத்துப்போய் வருகிறது, கம்பெனிக்காரன் கலப்படம் பண்ணுகிறான் என்று திட்டுவதும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். ஐந்தாவது நிறத்துக்குக் கையைப் பழக்கலாம் என்று அக்கா தகட்டின் முன் உட்கார்ந்தார். மூன்றாவது பச்சையின் அளவு அவருக்கு மனப்பாடம். நாலு கரண்டி நீலம். கலந்தார். தகட்டில் வந்தது பச்சையே இல்லை, பள்ளிக்கூடப் பையின் நீலம். கொடியில் இருந்த தாளை இறக்கிப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். ரொம்ப நேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு பதறாத குரலில் சின்னவளைக் கூப்பிட்டார்.

"நான் நாலு கரண்டிதானே சொன்னேன்?"

"ஆமாக்கா."

"நீ எவ்வளவு போட்டே?"

சின்னவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். கையில் ஈரம் ஒன்றுமில்லை.

"ஒண்ணரை."

"ரெண்டாவது பச்சைக்கு?"

"அதுக்கும் குறைச்சேன். எல்லாத்துக்கும் குறைச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்று பிட்டரைக் கேட்டார்.

பிட்டர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கும் மெஷினுக்கும்தான் சம்பந்தம்" என்றார். தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

"எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு வீட்டுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருப்பேன்ல?"

"சொன்னேன் அக்கா. மொத நாளே சொன்னேன், நீலம் தூக்கலா இருக்குன்னு. நீங்க என்ன சொன்னீங்க? செவுத்துக்குப் பெயிண்ட் கலக்கறது வேற, மரம் வேற, உன் கடைக்கண்ணோட இதப் பாக்காதேன்னீங்க. அடுத்த நாளும் சொன்னேன். ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டீங்க. அப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

"அதுக்காக? குழம்புல உப்பக் கொறைக்கற மாதிரி கொறைச்சுடுவியா? நான் பைத்தியக்காரி மாதிரி அளவு சொல்லிட்டு இருக்கேன், நீ தலைய ஆட்டிட்டு உள்ள போய் வேற கலக்கறே."

"படம் கெட்டுடக் கூடாதேன்னுதான்."

"கெட்டா என் படம் கெடட்டும்! இப்ப இது யாரு படம்? கீழ என் பேரப் போடணுமாம். நான் பாக்காத பச்சைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? மாட்டேன்."

அந்த 'மாட்டேன்' தெருமுனை வரை கேட்டிருக்கும். அவர் பலகையின் மேல் துணியைப் போட்டு மூடினார். அவரிடம் விளையாட்டுக்குச் சொல்கிற பழக்கம் கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் கூடம் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலான உழைப்பு, திரும்ப அடிக்க முடியாத தாள்கள், எல்லாம் துணி உலர்த்துகிற கொடியிலேயே தொங்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டுக்கு நல்ல நாட்கள் இல்லை. இரண்டு பேரும் நேரடியாகப் பேசவில்லை. அதற்கும் என் சுத்தமான வாய்தான் கிடைத்தது. "சுத்தக்கை, டீ ஆறுதுன்னு உங்க சின்னக்காகிட்ட சொல்லு" என்பார் அக்கா. சின்னவள் எட்டு வைக்கிற தூரத்தில்கூட இல்லை, அடுத்த நாற்காலியில் இருப்பாள். நானும் திரும்பி, டீ ஆறுதாம் என்பேன். பிட்டருக்கு அதுவும் பொறுக்கவில்லை. மெஷினுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று பூராப் பொழுதும் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

படக்கூடத்து அம்மாள் வண்டி அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு மத்தியானம், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அச்சுத் தாள் ஒன்றை மடியில் வைத்து, மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுவார், பிறகு மறு கண்ணை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூங்குமூஞ்சி மரம் மழைக்கு முன்னாலேயே இலைகளைக் கூப்பிக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

"இந்தக் கண்ணால பாத்தா மரத்து மேல டீய ஊத்தின மாதிரி இருக்கு தம்பி. இந்தக் கண்ணால பாத்தா இப்பத்தான் கழுவி வச்ச மாதிரி இருக்கு. ரெண்டும் என் கண்ணுதான். எதச் சொல்றது நெசம்னு?"

"டாக்டர் போட்ட கண்ணுதானேக்கா நெசம்?"

"அது சரி. ஆனா இதப் பாரு." தாளைத் தூக்கிக் காட்டினார். "இவ கலந்த பச்சை இந்தக் கண்ணுலயும் இல்ல, அந்தக் கண்ணுலயும் இல்ல. மரத்துலயே இல்ல. இத எங்கேர்ந்து புடிச்சா?"

"கேக்கட்டுமா?"

"கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாதே."

கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. சின்னவள் திரைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். கடைக்குக் கொண்டுபோகிற பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை. செருப்புப் பெட்டியின் மூடியை வெட்டி, அதன் மேல் சாயத்தால் தீட்டிய அதே தூங்குமூஞ்சி மரம். ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டு நைந்திருந்தது.

"இது…" என்றார் அக்கா.

"நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசு. அவரு கப்பலுக்குப் போயிட்டாரு. நான் பின்வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த பேசல. பக்கத்துல உக்காந்து இத வரைஞ்சீங்க, என் கைல கொடுத்தீங்க, அடுப்புல பால் பொங்குதுன்னு எழுந்து போயிட்டீங்க."

அக்கா அட்டையை அச்சுத் தாளின் மேல் வைத்தார். அட்டை எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் ஒரே பச்சை.

"எனக்கு மரமெல்லாம் ஒண்ணுதான் அக்கா. நான் மரத்தப் பாத்துக் கலக்கல. இதப் பக்கத்துல வச்சுட்டுத்தான் கலந்தேன். உங்க கண்ணு நல்லா இருந்தப்ப நீங்க போட்ட பச்சை இது. எனக்கு வேற பச்சை தெரியாது."

பிட்டர் மெஷினுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து நின்றார். இனி இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், நான் போய் டீ போடலாம் என்று நினைத்தேன். மரத்தக்காவை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கேன்" என்றார் அவர். அட்டையை வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார். "ஆனா இங்க பாருடி. இதுல தெற்குக் கிளை இருக்கு."

"ஆமா."

"அந்தக் கிளை காத்துல முறிஞ்சு எத்தனை வருஷமாச்சு? கதவுல நான் செதுக்கினது கிளை போன மரத்த. பாரம் ஒரு பக்கமா சாஞ்சு, அதத் தாங்கறதுக்கு அடிமரம் முறுக்கிட்டு நிக்குதே, அத. அதுக்கு நீ கிளை இருந்தப்ப உள்ள பச்சையப் பூசியிருக்கே. அந்தப் பச்சை என்னோடதுதான், இல்லேங்கல. ஆனா அன்னிக்கு இத வரைஞ்சவ வேற ஆளு. அவளுக்கு இந்த மரம் தெரியாது."

சின்னவள் முகம் வாடிவிட்டது. "அப்ப எல்லாம் வீண்தானா?"

"யாரு சொன்னா வீணுன்னு?" அக்கா எழுந்தார். "அடியில அவ இருக்கட்டும். மேல இன்னும் ஒரு நிறம் பாக்கி இருக்குல்ல? அத நான் போடறேன். இந்தத் தடவ பின்னறைக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. என் எதிர்ல நில்லு. என்ன தோணுதோ வாயத் தொறந்து சொல்லு. நான் சாப்பிடாமப் படுத்தாலும் சொல்லு."

அன்று வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினோம். அக்கா கண்ணாடித் தகட்டில் கறுப்பும் நீலமும் குழைத்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் வாசலுக்குப் போய், ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"போதும்கா" என்றாள் சின்னவள்.

"இன்னும் ஒண்ணு."

"அக்கா, அடியில இருக்கற பச்சையையே முழுங்கிடும்."

"முழுங்காது. நீ அந்தப் பழைய கிளையவே பாத்துட்டு இருக்கே."

"நான் எந்தக் கிளையையும் பாக்கல, டப்பாவப் பாக்கறேன். இது நீலம். வெறும் நீலம்."

"மழைக்கு முன்னால மரத்தடி வேற என்ன கலரு? போய்ப் பாத்துட்டு வந்து பேசு!"

சின்னவள் நிஜமாகவே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, "பாத்துட்டேன். அப்பவும் தூக்கல்தான்" என்றாள். அக்கா இன்னொரு கரண்டி போட்டார். இரண்டு பேரும் வரிந்து கட்டிக்கொண்டு கத்தினார்கள். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சத்தம் அது. பிட்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பலகையில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அடிமரம், அதன் முறுக்கு, கிளைகளின் அடிப்பக்கம், கூம்பிய இலைகளின் நிழல். அக்கா அதன் மேல் ரோலரை உருட்டினார். நான் முதல் தாளை வைத்தேன். இது கெட்டால் கெட்டதுதான். "போலாம் ரைட்" என்றேன், குரல் வரவில்லை, மறுபடி சொன்னேன். பிட்டர் சுற்றினார். தாள் உருளைக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது. இரண்டு மூலையையும் பிடித்து உரித்துத் தூக்கினேன்.

எனக்குப் படத்தைப் பற்றிப் பேசத் தெரியாது. ஆனால் அந்த மரம் அன்று வரை அழகாக இருந்தது, அன்றுதான் மரமாக எழுந்து நின்றது. நீலத்துக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பச்சை இலையிடுக்கில் எல்லாம் கசிந்தது. கிளை போன பக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலியைத் தாங்குவதற்காக மரம் அத்தனையும் ஒருக்களித்து முறுக்கிக்கொண்டு நின்றது. மழை இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா தாளைப் பார்க்கவில்லை. சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் கிட்டே வந்து குனிந்தாள். எட்டப் போய் நின்று பார்த்தாள். மறுபடி கிட்டே வந்தாள்.

"தூக்கல்தான் அக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒரு துளிகூட எடுத்துடாதீங்க" என்றாள்.

அக்கா மை பட்ட கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்போதுதான் தாளின் பக்கம் திரும்பினார்.

"காயட்டும்" என்றார். "காஞ்சதும் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன். சுத்தக்கை, என்ன நிக்கறே? அடுத்த தாள எடு."